தானா வருமா தாய்ப்பாசம்?

போன வருடம் அக்கா மகளுக்கு முதல் பிரசவம். பெண் குழந்தை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறை முழுக்கச் சொந்தக்காரர்கள். மூக்கு அப்பா சாயலா, தாத்தா சாயலா என்று ஒரு பட்டிமன்றமே நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வருவதற்குள் எல்லோரும் காபி குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள். அந்த ஐந்து நிமிட இடைவெளியில் அவள் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"எனக்கு ஒண்ணுமே தோணலை மாமா. எல்லாரும் பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, கண் கலங்குறாங்க. எனக்கு மட்டும் யாரோ பெத்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருக்கு. நான் கெட்டவளா?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் தானா வரும்மா" என்றேன். எல்லோரும் சொல்கிற வசனம்தான். பதினைந்து வருடம் முன்னால் என் மனைவியிடமும் இதையேதான் சொன்னேன். அதன் லட்சணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் விடவில்லை. மேஜை மேலிருந்த ஒரு புத்தகத்தைக் காட்டினாள். "இவர் படிச்சுக் காட்டினார் மாமா. குழந்தை பிறந்ததும் ஒரு ஹார்மோன் சுரக்குமாம். அதுலயே அம்மாவோட மூளை மாறிடுமாம். எனக்கு மட்டும் அது சுரக்கலையோ?"

மாப்பிள்ளை ஆசையாக வாங்கிய புத்தகம். லூவான் பிரிஸெண்டைன் எழுதிய 'தி ஃபீமேல் பிரெய்ன்'. 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. பல மொழிகளுக்குப் போய், 2017-ல் இதே பெயரில் ஒரு சினிமாவாகவும் ஆனது. வந்த புதிதில் நானும் ஓசியில் வாங்கிப் படித்து, 'ஆஹா' என்று நாலு பேரிடம் அளந்துவிட்ட ஆசாமிதான். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்குப் பிறகு, புத்தகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஹார்மோனைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று டாக்டர் வாசகர்கள் கேட்கலாம். நியாயம்தான், நான் வெறும் பி.காம். ஆனால் பி.காமில் தணிக்கை என்று ஒரு பாடம் உண்டு. அதில் முதல் நாளே ஒரு விஷயம் சொல்லித் தந்துவிடுவார்கள். பேரேட்டில் எவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாலும் மயங்காதே, வவுச்சர் எங்கே என்று கேள். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போகிறேன். நீங்களும் வாருங்கள்.

முதலில் வரவுப் பக்கம்.

பிரிஸெண்டைன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மனநல மருத்துவர். பெண்களின் மனநிலைக்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பைக் கவனிப்பதற்கென்றே 1994-ல் அங்கே ஒரு கிளினிக் தொடங்கியவர். மன அழுத்தம் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறு பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் கிடையாது. பூப்பெய்தும் வயதையொட்டித்தான் தலைதூக்குகிறது. அப்படியானால் பெண் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது, அதைக் கவனி என்று உரக்கச் சொன்னார் பாருங்கள், அதற்கு ஒரு கும்பிடு போடலாம். மாதச் சுழற்சி கணக்கைக் குழப்புகிறது என்று பெண்களை ஆராய்ச்சியிலேயே சேர்க்காமல் விட்ட காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளில் பெண்களையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்ததே 1993-ல்தான்.

புத்தகம் படிக்கவும் ஜோர். ஆரம்பத்திலேயே ஹார்மோன்களை நாடகப் பாத்திரங்கள் மாதிரி ஒவ்வொன்றாக மேடையேற்றிவிடுகிறார். ஈஸ்ட்ரோஜென் மகாராணி, ஆக்ஸிடோசின் மடியில் சுருண்டு படுத்துக் குறுகுறுக்கும் பூனைக்குட்டி. கருவில் தொடங்கி, பருவம், காதல், தாய்மை, மாதவிடாய் நிற்கும் வயது வரை ஒரு பெண்ணின் வாழ்க்கை ஏழு அத்தியாயங்களில் ஓடுகிறது. கதை கேட்கிற மாதிரி கேட்கலாம். சிக்கலும் அங்கேதான். கதையில் பாத்திரம் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. குணம் வந்துவிட்டால் அப்புறம் எல்லாவற்றையும் அதுதான் செய்கிறது என்று ஆகிவிடுகிறது.

சரி, வவுச்சர்.

ஒரு பெண் நாளொன்றுக்கு 20,000 வார்த்தை பேசுகிறாள், ஆண் வெறும் 7,000 என்று முதல் பதிப்பில் ஒரு கணக்கு வந்தது. உலகம் முழுக்கக் கணவன்மார்கள் இதைத்தான் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க் லிபர்மன் என்று ஒரு மொழியியல் பேராசிரியர். அவர் புத்தகத்தின் பின்குறிப்பைப் புரட்டி, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று துரத்திக்கொண்டே போனார். போய் முட்டிக்கொண்ட இடம் ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம்! அதற்குப் பின்னால் ஆராய்ச்சி எதையும் காணோம். அடுத்த வருடமே, 2007-ல், 'சயன்ஸ்' இதழில் நிஜமாகவே எண்ணிப் பார்த்த கணக்கு வந்தது. 396 மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். பெண்கள் சராசரி 16,215. ஆண்கள் 15,669. ஏறக்குறைய ஒன்றேதான். பிரிஸெண்டைன் தவறை ஒப்புக்கொண்டு, பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். பெருந்தன்மைதான். ஆனால் அதற்குள் அது ஊர் சுற்றப் போய்விட்டது. இன்னும் வீடு திரும்பவில்லை.

இதில் ஒரு சுவாரசியமான பின்கதை. 2025-ல் 2,197 பேரை வைத்து மறுபடி எண்ணினார்கள். மொத்தத்தில் பெண்கள் கொஞ்சம் அதிகம், ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஏகத்துக்கும் இருந்ததால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. 25 முதல் 64 வயதுக்காரர்களிடம் மட்டும் இடைவெளி நன்றாகத் தெரிந்தது. பெண்கள் சுமார் 3,000 வார்த்தை கூடுதல். ஹார்மோன் காரணம் என்றால் பதின்வயதிலேயே தெரிந்திருக்கவேண்டுமே? பிள்ளை வளர்க்கிற வயது, அந்த வேலை அம்மா தலையில் அதிகம் விழுவது காரணமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம். 'சாப்பிடு, எந்திரி, பல் தேய்ச்சியா, ஷூ எங்கே' என்று காலையில் ஒரு வீட்டில் செலவாகும் வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். எனக்கு அந்த ஊகம் சரி என்றே படுகிறது.

அடுத்து, கரு.

எட்டு வாரம் வரை எல்லா மூளையும் பெண் மூளைதான், அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் வெள்ளம் வந்து ஆணாக மாற்றுகிறது என்கிறது புத்தகம். இது ஒரு பழைய கதையின் பேரப்பிள்ளை. 1940-களில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, முயல் கருக்களில் பாலின உறுப்பை எடுத்துவிட்டுப் பார்த்தார். எல்லாமே உள்ளுக்குள் பெண் அமைப்போடு வளர்ந்தன. ஆக, ஆண் என்றால் ஏதோ சேர்க்கவேண்டும், பெண் என்றால் சும்மா விட்டாலே போதும் என்று ஆகிவிட்டது. பெண் என்பது தானாக வருவது! இந்தத் 'தானாக' என்ற வார்த்தை பெண்ணைக் கருவிலிருந்தே விரட்டுகிறது, கவனித்தீர்களா?

அது அவ்வளவு சும்மா நடக்கிற காரியம் இல்லை. கருவில் ஆண் குழாய் ஒரு ஜோடி, பெண் குழாய் ஒரு ஜோடி, இரண்டுமே இருக்கும். பிறகு ஒன்று மறையும். பெண் கருவில் ஆண் குழாய் கேட்பாரற்றுத் தானே வாடிவிடும் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2017-ல் எலிக் கருவில் பார்த்தபோது, அதை அகற்றுவதற்கென்றே ஒரு புரதம் மெனக்கெட்டு வேலை செய்வது தெரிந்தது. அந்தப் புரதம் இல்லாத பெண் எலிக் கருவில் இரண்டு குழாயும் அப்படியே நின்றன. சினைப்பை உருவாவதற்கும் தனி ஜீன்கள் பாடுபடுகின்றன. பெண்ணும் கட்டித்தான் எழுப்பப்படுகிறாள்.

இன்னொரு வேடிக்கை. ஆண் எலிக்குட்டியின் மூளையை ஆண் மூளையாக்கும் வேலையைக் கடைசிக் கட்டத்தில் செய்வது எது தெரியுமா? ஈஸ்ட்ரோஜென்! டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் போய் ஈஸ்ட்ரோஜெனாக மாறி அந்தக் காரியத்தை முடிக்கிறது. மனிதர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் நேரடியாகவே அதிகம் வேலை செய்வதாகத் தெரிகிறது. சரி, பெண்ணின் ரத்தத்தில் எடை போட்டால் பெரும்பாலான நாட்களில் எது அதிகம்? அதுவும் டெஸ்டோஸ்டிரோன்தான். 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்று நாம் ஒட்டிவைத்த லேபிளை ஹார்மோன்கள் படித்ததே இல்லை போலிருக்கிறது.

பருவ வயதும் இப்படித்தான். மூளையின் அடியிலிருந்து விட்டு விட்டு வரும் ஒரு ஹார்மோன் துடிப்புதான் வயதுக்கு வருவதைத் தொடங்கிவைக்கிறது. ஆனால் அந்தத் துடிப்பு எப்போது தொடங்கும்? உடம்பில் போதுமான சதை ஏறியிருக்கிறதா, சாப்பாடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துத்தான். பட்டினி கிடக்கிற பெண்ணுக்கும், கடும் உடற்பயிற்சி செய்கிற பெண்ணுக்கும் தள்ளிப்போகும். உத்தரவு போடுவது ஹார்மோன் என்றால், அது சாப்பாட்டுத் தட்டை எட்டிப்பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறது.

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருவோம். தாய்மை.

இந்த அத்தியாயம்தான் புத்தகத்தின் நெஞ்சுக்குழி. கர்ப்பமும் பிரசவமும் பெண்ணின் மூளையை மாற்றி அமைக்கின்றன என்கிறார் பிரிஸெண்டைன். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் எழுதி பத்து வருடம் கழித்து பார்சிலோனாவில் முதல் பிரசவப் பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் சில இடங்களில் சாம்பல் நிறப் பகுதியின் அளவு மாறியிருந்தது. இரண்டு வருடம் கழித்தும் அந்த மாற்றம் அப்படியே இருந்தது. ஹார்மோனும் நிஜம்தான். நஞ்சுக்கொடி விழுந்த சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டரோனும் மலையிலிருந்து உருண்ட மாதிரி கீழே வந்துவிடுகின்றன. அந்தச் சரிவுதான் பால் சுரப்புக்கு வழிவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மன அழுத்தத்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மாத்திரை, புரோஜெஸ்டரோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் ஒரு பொருளின் சாயலில் செய்ததுதான்.

ஆக, ஹார்மோனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாசம் முழுவதையும் அதன் கணக்கில் வரவு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

1967-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே ரோசன்பிளாட் ஒரு காரியம் செய்தார். பிள்ளையே பெறாத பெண் எலிகளின் கூண்டில் நாள்தோறும் எலிக்குட்டிகளை விட்டார். முதல் சில நாள் அவை சீண்டவே இல்லை. பிள்ளை பெறாத எலிக்குக் குட்டியின் வாடையே பிடிக்காது. ஐந்தாறு நாள் போனது. மெதுவாகக் குட்டிகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தன. நக்கிக் கொடுத்தன, மேலே கவிந்து படுத்துச் சூடு கொடுத்தன. சினைப்பை எடுத்த எலிகளும் செய்தன. பிட்யூட்டரி சுரப்பியையே எடுத்துவிட்ட எலிகளும் செய்தன. கடைசியாக, ஆண் எலிகளும் செய்தன!

அடுத்த வருடம் அவரும் டெர்கெலும் சேர்ந்து, அப்போதுதான் குட்டி போட்ட எலியின் ரத்த நீரைப் பிள்ளை பெறாத எலிக்கு ஏற்றினார்கள். காத்திருக்கும் நாட்கள் மளமளவென்று குறைந்தன. இரண்டு சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹார்மோன் என்ன செய்கிறது? சீக்கிரப்படுத்துகிறது. பிரசவ வலியில் துவண்டுபோன ஒரு பிராணியை, வாடை பிடிக்காத ஒரு குட்டியின் பக்கத்தில் தைரியமாகப் போகவைக்கிறது. போனபிறகு நடப்பதெல்லாம் பக்கத்தில் இருப்பதால் நடக்கிறது.

பூனைக்குட்டி ஆக்ஸிடோசினையும் விசாரித்துவிடலாம். 1996-ல், ஆக்ஸிடோசினே சுரக்காத எலிகளை உருவாக்கினார்கள். அவை குட்டி போட்டன. குட்டிகளைக் கவனிக்கவும் செய்தன. ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை. பால் இறங்கவில்லை. பாசத்தின் ஏக விநியோகஸ்தர் என்று நாம் நினைத்த சரக்கு இல்லாமலேயே அந்த எலி தாயாக இருந்தது. அடுத்து, 2021-ல் நியூயார்க்கில் செய்த பரிசோதனை. தாய் எலியோடு பிள்ளை பெறாத எலி ஒன்றை ஒரே கூண்டில் விட்டார்கள். தாய் என்ன செய்தது தெரியுமா? அந்த எலியைக் குட்டிகள் இருக்கும் கூட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அதுவும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மூளையில் ஆக்ஸிடோசின் செல்கள் துடித்தன. ஹார்மோன் வந்ததால் வேலை வந்ததா, வேலையைப் பார்த்ததால் ஹார்மோன் வந்ததா?

நம் கிராமத்துப் பால்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். கன்று செத்துப்போனால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். அப்போது என்ன செய்வார்கள்? கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கிக் கொடுக்கும். பால் இறங்கும். இன்றைக்கு அதே காரியத்தை ஊசியில் செய்கிறார்கள். அந்த ஊசி மருந்தும் ஆக்ஸிடோசின்தான். ஊசி போட்டால் பால் வரும். வைக்கோல் கன்றுக்கு நக்கல் கிடைத்ததே, அது ஊசிக்குக் கிடைக்காது.

'எலியும் மாடும் சரி, மனுஷிக்கு என்ன?' என்கிறீர்களா? இருக்கிறது. 1980-ல் லண்டனில் ராப்சன், குமார் என்ற இருவர், முதல் பிரசவமான தாய்மார்களிடம் நேராகவே கேட்டார்கள். குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என்ன தோன்றியது? சுமார் 40 சதவிகிதம் பேர் சொன்ன பதில்: பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களிலேயே 25 சதவிகிதம் பேர் அப்படிச் சொன்னார்கள். வலி அதிகமாக இருந்தவர்களிடம் இது கூடுதல். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பாசம் வந்துவிட்டது.

நூற்றுக்கு நாற்பது! இந்த எண் புத்தகத்தின் அட்டையில் இருந்திருந்தால் என் அக்கா மகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாள்.

பிரிஸெண்டைனுக்கு அநியாயம் செய்யக்கூடாது. அதே அத்தியாயத்தில் அப்பாக்களைப் பற்றியும், தத்தெடுத்த அம்மாக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே இருந்தால் அவர்களுக்கும் மூளை மாறும் என்று ஒப்புக்கொள்கிறார். அம்மாவுக்குச் சுற்றியிருப்பவர்களின் ஆதரவு வேண்டும் என்றும் சொல்கிறார். ஆனால் மகாராணிக்கும் பூனைக்குட்டிக்கும் அடித்த சுண்ணாம்பில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தப் பக்கங்களுக்கு அடிக்கவில்லை. வாசகனுக்கு எது நிற்கும்? அம்மாவுக்குச் சுரக்கும், அவள் பார்த்துக்கொள்வாள் என்பதுதான் நிற்கும். மாப்பிள்ளை படித்துக் காட்டியதும் அதைத்தான். 'நேச்சர்' இதழில் இந்தப் புத்தகத்துக்கு வந்த விமரிசனம் ரொம்பக் காட்டம். அதன் தலைப்பிலேயே, நரம்பியல் பெயரைச் சொல்லி மூளைச்சலவை என்ற அர்த்தத்தில் ஒரு நையாண்டி இருந்தது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இது சரக்கு இல்லாத கடை இல்லை. பில் போடுவதில்தான் தப்பு.

தப்பான பில்லை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிரசவமான தாய்மார்களில் 22 சதவிகிதம் பேருக்கு மன அழுத்தம். ஐந்தில் ஒருத்திக்கு மேல். தாய்ப்பாசம் மூச்சுவிடுகிற மாதிரி தானாக வரும் என்று ஊரே நம்பும்போது, வராதவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? வாயை மூடிக்கொள்வாள். ஒரு முக்கியமான விஷயம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, தூக்கமில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது குணக்கேடு கிடையாது, நோய். டாக்டரிடம் போகவேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம். தமிழிலும் பேசலாம்.

தப்பான பில்லின் மறுபக்கம், கட்டாமல் தப்பிக்கிறவர்கள். அதாவது நாம்தான், அப்பாக்கள். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் 624 இளைஞர்களை 2005-லும் 2009-லும் பரிசோதித்தார்கள். இடையில் அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இறங்கியிருந்தது. அதிலும், தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்களுக்கு அளவு இன்னும் குறைவு. 2014-ல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு. அம்மாவே இல்லாமல் குழந்தை வளர்க்கும் ஆண்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அம்மாக்களுக்கு எந்த இடம் விழித்துக்கொள்கிறதோ அதே இடம் அவர்களுக்கும் விழித்திருந்தது. ஆண் உடம்பிலும் ஹார்மோன் கணக்கு இருக்கிறது. குழந்தையோடு செலவிடும் நேரத்தைப் போட்டால்தான் அந்தக் கணக்கு திறக்கும். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பின் நம்பரை அழுத்தாமல் நிற்கிறோம்.

இந்த இடத்தில் சாரா பிளாஃபர் ஹர்டி என்ற மானிடவியலாளரின் புத்தகங்களைச் சிபாரிசு செய்வேன். 1970-களில் ராஜஸ்தானின் அபு மலையில் வந்து உட்கார்ந்து, நம் ஊர் லங்கூர் குரங்குகளைக் கவனித்தவர். பிறந்த குட்டியைச் சித்தி, அத்தை முறைக் குரங்குகளெல்லாம் கைமாற்றித் தூக்கிக்கொண்டு திரிவதைப் பார்த்தார். 1999-ல் 'மதர் நேச்சர்', 2009-ல் 'மதர்ஸ் அண்ட் அதர்ஸ்', 2024-ல் அப்பாக்களைப் பற்றி 'ஃபாதர் டைம்' என்று மூன்று தடிமனான புத்தகங்கள். மனிதக் குழந்தை ஒற்றை ஆளால் வளர்க்க முடியாத பிராணி, பலர் கைகளை நம்பியே நம் இனம் பிழைத்தது என்பது சாராம்சம். பூனைக்குட்டி உவமை எதுவும் கிடையாது. கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் வவுச்சர் கேட்டால் எடுத்து நீட்டுவார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று நம் பெரியவர்கள் வைத்தார்களே, அந்தக் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். அம்மா, பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு ஆயா என்று பத்துக் கைகள். இன்றைக்கு இரண்டு அறை ஃபிளாட்டில் ஒரே ஒரு ஜோடிக் கைதான். அதற்குச் சட்டம் என்ன கொடுக்கிறது? 2017 திருத்தத்துக்குப் பிறகு அம்மாவுக்கு 26 வாரம். நல்ல விஷயம். தமிழக அரசு ஊழியர் என்றால் 2021-லிருந்து ஒரு வருடம். இன்னும் நல்லது. அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனி என்றால் சட்டப்படி ஒன்றும் இல்லை. முதலாளி மனசு வைத்தால் உண்டு. அம்மாவுக்குத் தானாகச் சுரக்கும்போது அப்பாவுக்கு எதற்கு லீவு என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

2009-ல் என் பையன் பிறந்தபோது மூன்றாம் நாளே ஆபீஸுக்குப் போய்விட்டேன். இதழ் முடிக்கிற வேலை. மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி ராத்திரியெல்லாம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். 'உடம்பு அசதி, தானா சரியாயிடும்' என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்படியே இருபது நாள். அப்புறம் ஊரிலிருந்து என் அத்தை வந்தார். பிள்ளை பெறாதவர். ஊரில் ஒரு வளைகாப்புக்குக்கூட அவரை முன்வரிசையில் உட்காரவைத்ததில்லை. வந்த அன்று ராத்திரியே குழந்தையைத் தூக்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "நீ போய்த் தூங்குடி" என்றார். நாற்பது நாள் இருந்தார். ஏழெட்டு நாளிலேயே அழுகையைக் கேட்டு இது பசி, இது வயிற்று வலி என்று சொன்னார். என் மனைவி தூங்கினாள். தூங்கி எழுந்தவள் ஒரு நாள் காலையில் பையனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இருபது நாள் முன்னாலேயே வரவைத்திருக்கலாம். அதற்கு என் கையில் இருந்தது ஹார்மோன் இல்லை, லீவு லெட்டர்.

பையனுக்கு ஆறு மாதம் ஆனபோது மனைவிக்கு டைபாய்டு. பத்து நாள் நான்தான் பார்த்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல்தான். பதினோராவது நாள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது, தெருவில் யார் குழந்தையோ அழுதது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து சீட் நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா மகளுக்கு அன்று சாயங்காலமே போன் செய்து, தானா வரும் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். நாற்பது சதவிகிதக் கணக்கைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அவ்வளவு பேரா மாமா?" என்றாள். குரலே மாறியிருந்தது. மாப்பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, எலிக் கதை, செபு கதை எல்லாவற்றையும் சொல்லி, கடைசியாக லீவு பற்றிக் கேட்டேன். நல்ல பையன். மூன்று வாரம், சம்பளம் இல்லாமல், போட்டார்.

பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். "மாமா, நேத்து ராத்திரி பாப்பா அழறதுக்கு முன்னாடியே எனக்கு முழிப்பு வந்துடுச்சு. எழுந்து பார்த்தா அவர் எனக்கு முன்னாடியே தொட்டில்கிட்ட நிக்கிறார்."

புத்தகத்தை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்போது யாருக்கும் படிக்க நேரமில்லை.